வேகச் சான்று முகாம், வளவனூர்

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் செந்தாமரையின் மடிக்கணினியில் அந்தச் சுற்றறிக்கை வந்து விழுந்தது. அவள் சென்னையில் இருக்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வளவனூரில் தன் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகளோடு வீடியோவில் பேசி, விவரங்களைச் சரிபார்த்து, 'சரி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அழுத்தினால்தான் அந்தப் பக்கம் நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். மூன்று வருஷமாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டிலிருந்து பணிபுரிவோர் அனைவரும், தாம் உட்காரும் நாற்காலியில் இணைய வேகம் ஐம்பது எம்பிக்குக் குறையாமல் இருக்கிறது என்று, இணைப்பு கொடுத்த நிறுவனத்திடமே முத்திரையிட்ட சான்று வாங்கி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்கள் அடுத்த திங்கள் முதல் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். சுற்றறிக்கை அவ்வளவுதான்.

செந்தாமரை அப்போதே வேகத்தைச் சோதித்துப் பார்த்தாள். ஒன்பது காட்டியது. அவள் மாதாமாதம் பணம் கட்டுவது நூறுக்கு. போன வாரம் கடலூரில் ஒரு நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி மூன்று தடவை திரையில் உறைந்து போயிருந்தார். அந்த வாயைப் பார்த்துத்தான் இந்தச் சுற்றறிக்கையை எழுதியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

சென்னைக்கு அவளால் போக முடியாது. கணவன் மணிமாறன் டிராக்டர் ஓட்டுகிறவன். இரண்டு மாதத்துக்கு முன் கரும்புத் தோட்டத்து வரப்பில் டிராக்டர் சாய்ந்து வலது கால் நொறுங்கிவிட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அவள் தோளைப் பிடிக்காமல் அவனால் குளியலறைக்குக்கூடப் போக முடியாது. இப்போது வீட்டில் வருமானம் என்று ஒன்று வருவது அவளுடைய நாற்காலியிலிருந்துதான்.

வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன் அறை, நடு அறை, பின் அறை. நடு அறைச் சுவர்கள் மாமனாரின் அப்பா காலத்தில் கட்டியவை, இரண்டடி தடிமன். இணையம் முன் அறைக்கு வந்து இறங்கியது. அங்கே ஒரு பெட்டி, நடு அறையில் ஒரு பெட்டி, பின் அறையில் ஒரு பெட்டி என்று ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய மூன்று வைஃபை பெட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தன. செந்தாமரை உட்கார்ந்தது கடைசிப் பெட்டியின் பக்கத்தில்.

இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பெயர் சிட்டாய் ஃபைபர்நெட். தலைமையகம் திண்டிவனம். அதன் தலைவர் அரங்கநாதன் முன்பு கேபிள் டிவி நடத்தியவர். கம்பம் நட அனுமதி கேட்டுப் பதினோரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். அத்தனை வருஷத்தில் அவருக்கு அந்த ஆபீஸ்கள் மேல் கோபம் வரவில்லை, மரியாதை வந்துவிட்டது. நாமும் ஒருநாள் இப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று நினைத்தார், வைத்தார். ஆகவே சிட்டாய் தனியார் நிறுவனம்தான் என்றாலும் அங்கே டோக்கன் உண்டு, மனு உண்டு, பச்சை மை உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் தலைமையகத்தில் வேகக் குறைதீர் நாள் நடக்கும். விழுப்புரம் கிளையின் வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் பெரியவருக்கும் நிறுவனமே சம்பளம் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு செந்தாமரை அந்தக் கிளைக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பாஞ்சாலி என்ற பெண், சான்று வேண்டுமென்றால் முதலில் கள ஆய்வு நடக்க வேண்டும் என்றாள். அதற்குப் படிவம் ஏழு. அதோடு மனுதாரரின் போட்டோ இரண்டு, நாற்காலியின் போட்டோ இரண்டு. செந்தாமரை வேப்பமரத்தடிக்குப் போய் மனு எழுதி வாங்கி வந்தாள். நாற்காலியின் போட்டோவை வீட்டிலிருந்து மணிமாறன் அனுப்ப முடியாது என்பதால் பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு எடுத்து அனுப்பினாள். அதில் நாற்காலியின் நாலு காலும் தெரியவில்லை என்று பாஞ்சாலி ஒரு முறை திருப்பினாள்.

எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, பின்னால் தொங்கிய விளம்பரத்தைக் காட்டினாள். 'சிட்டாய் குடும்பம்' என்று போட்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு புதுப் பெட்டிகள். விலை செந்தாமரையின் இரண்டு மாதச் சம்பளம். அதை வாங்கினால் ஆய்வு சுலபமாக முடியும் என்று பாஞ்சாலி சொன்னாள். செந்தாமரை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

வளவனூர் கடைத்தெருவில் குமரேசன் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். செந்தாமரை கூப்பிட, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மூன்று அறையையும் இரண்டு தடவை நடந்து பார்த்தான். நடுப்பெட்டி இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்ததைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பொட்டி மேல தப்பு இல்லக்கா. முன்னாடி பொட்டி நடுப்பொட்டிக்கு கத்துது, நடுப்பொட்டி பின்னாடி பொட்டிக்கு கத்துது. குறுக்கால ரெண்டடி செவுரு, போதாக்கொறைக்கி பீரோ. பாதி கூட காதுல உழாது. முன்னாடியிருந்து பின்னாடிக்கு ஒரு ஒயரு இழுத்துட்டா கத்தவே வேணாம். புதுசா ஒண்ணும் வாங்காத."

பெட்டிகளின் அடியில் ஒயர் செருக இரண்டிரண்டு துளைகள் இருந்தன. ஐந்து வருஷமாக அவை எதற்கு என்று அவள் யோசித்ததே இல்லை. குமரேசன் வெளிச்சுவரில் கூரைக்குக் கீழே வெள்ளைக் குழாய் அடித்து, அதற்குள் முப்பது மீட்டர் ஒயரை விட்டு, பின் அறைப் பெட்டியில் செருகினான். நடுப்பெட்டியைப் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தான். மடிக்கணினியையும் பின்பெட்டியோடு ஒரு சின்ன ஒயரால் இணைத்தான். கடவுச்சொல்லைப் போனிலேயே மாற்றுவது எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தான். கூலியோடு சேர்த்து ஆயிரத்துச் சில்லறையில் வேலை முடிந்தது.

சோதித்தாள். தொண்ணூற்றிரண்டு. நம்பாமல் இன்னும் நாலு தடவை பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு போய் மணிமாறன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் டிராக்டரின் கிலோமீட்டர் முள்ளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, "பரவால்லியே, ரோட்டுல உட்டா பாண்டிக்கு போயிடும் போலிருக்குதே" என்றான். தொல்லை தீர்ந்தது என்று இருவரும் நினைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

புதன்கிழமை மண்டலத் தர ஆய்வாளர் ஆனந்தராஜ் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். ஒருவரிடம் கோப்பு, இன்னொருவரிடம் மைப்பெட்டி. போட்டோவில் இருப்பது இதே நாற்காலிதானா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு ஆனந்தராஜ் அதில் உட்கார்ந்து வேகத்தை அளந்தார். முகம் வாடியது.

"தொண்ணூத்தி ரெண்டு காட்டுது மேடம்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"ஆமா சார். அதத்தான் எழுதிக் குடுக்கச் சொல்றேன்."

"அத எழுத ஃபாரத்துல எடம் இல்லயே. எங்க கம்பெனியில மனுன்னா குறை. குறை இருந்தா ஆய்வு. ஆய்வுல குறை நிரூபணம் ஆனா நிவர்த்தி. நிவர்த்தி ஆனாதான் சான்று. நீங்க நேரா நிவர்த்தியில வந்து நிக்கிறீங்க. ஆறு வருஷமா இந்த வேல பாத்துக்கினு இருக்கறேன். நல்லா ஓடுற நெட்ட இதுவரைக்கும் ஒரு வூட்லயும் பாத்ததில்ல. அதனால அதுக்கு ஃபாரமே அடிக்கல."

என்ன செய்வது என்று செந்தாமரை கேட்டாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பெட்டிக்கு வரும் ஒயரைப் பார்த்தார். அதைப் பிடுங்கினால் என்ன வரும் என்று கேட்டார். ஒன்பது வரும் என்று அவள் சொன்னதும் அவருக்கு முகம் தெளிந்தது. ஐந்து நிமிஷம் பிடுங்கி வையுங்கள், குறையைப் பதிந்துவிடலாம், பதிந்தவுடன் செருகுங்கள், நிவர்த்தி ஆகிவிடும் என்றார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பிடுங்கினாள். ஒன்பது வந்தது. ஆனந்தராஜ் பச்சை மையில் ஒன்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். உதவியாளர் முத்திரை குத்தினார். அவள் ஒயரைச் செருகினாள். தொண்ணூற்றிரண்டு வந்தது.

அதை எழுதச் சொன்னபோது ஆனந்தராஜ் பேனாவை மூடிவிட்டார். இரண்டாவது அளவுக்கு மறு ஆய்வு என்று பெயர். அது ஏழு வேலை நாள் கழித்து, தலைமையக உத்தரவின் பேரில்தான் நடக்கும். தவிர, இந்த ஒயர் நிறுவனம் போட்ட ஒயர் அல்ல. 'மனுதாரர் வளாகத்தில் அன்னிய ஒயர் ஒன்று காணப்பட்டது' என்று கடைசியாக ஒரு வரி சேர்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மனுவில் 'சான்று யாருக்குத் தேவை' என்ற கேள்விக்கு அவள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தாள். சிட்டாயில் மற்றதெல்லாம் மெதுவாக நடக்கும். ஆய்வு அறிக்கை மட்டும் அப்படி எழுதிய இடத்துக்குத் தானாகவே போய்விடும். வியாழக்கிழமை காலை அவளுடைய மேலாளர் சங்கவி வீடியோவில் வந்தாள்.

"சிஸ்டத்துல ஒன்பதுன்னு ஏறிடுச்சு செந்தாமரை. மண்டேலேர்ந்து உங்களுக்கு இங்க சீட் போட்டாச்சு."

இப்போது என் படம் எப்படித் தெரிகிறது என்று செந்தாமரை கேட்டாள். கண்ணாடி மாதிரி தெரிகிறது, என் படத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சங்கவி ஒப்புக்கொண்டாள். ஆனால் கண்ணால் பார்ப்பதைச் சிஸ்டத்தில் ஏற்ற வழியில்லை, நாளை ஐந்து மணிக்குள் சான்று வந்தால் அதுவே ஒன்பதை எடுத்துவிடும் என்றாள். நல்ல பெண்தான். அவளுக்கும் மேலே ஒரு சுற்றறிக்கை இருந்தது.

நடு அறையில் மணிமாறன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் பீரோ அதிர்கிற சத்தம் கேட்டுச் செந்தாமரை ஓடினாள். அவன் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் கிடந்தான். வலது கால் நீட்டியபடி இருந்தது. நெற்றியில் வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு தனியா எழுந்த?"

"நீ மெட்ராசு போனா நான் தனியா இருந்துக்குவனான்னு பாத்தேன்" என்றான்.

சின்னபொண்ணையும் கூப்பிட்டு இரண்டு பேருமாக அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். பிளேட் அசையவில்லை என்று தெரிய அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை செந்தாமரை அவன் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் ஒரு நோயாளி காத்திருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவருடைய பெயரையும் வயதையும் கேட்டு, சரி என்று அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மணிமாறனைச் சின்னபொண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, மடிக்கணினியைப் பின் அறை மேசையிலேயே விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய், அங்கிருந்து திண்டிவனம் போனாள். ஒன்பது மணிக்கெல்லாம் சிட்டாய் தலைமையகத்து மண்டபம் நிரம்பியிருந்தது. அவளுக்கு இருபத்து மூன்றாம் டோக்கன். இருபத்திரண்டு வைத்திருந்தவர் அந்தோணிசாமி. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். மகன் துபாயில் இருந்தான். பிறந்து நாலு மாதமான பேரனை அவர் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. வீடியோவில் நெற்றி வந்தால் வாய் வராது, வாய் வந்தால் குரல் வராது. மூன்றாவது வெள்ளிக்கிழமையாக வந்துகொண்டிருக்கிறார்.

பத்து மணிக்கு அரங்கநாதன் வந்தார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"வேகம் வேற, அவசரம் வேற. நம்ம கம்பெனி வேகத்த விக்கிது. விக்கிற சரக்க நாமளே எடுத்துத் தின்னலாமா? லட்டு போடறவன் லட்ட தின்னுக்கினு இருந்தா கடை என்னத்துக்கு ஆகும்? அதனாலதான் நம்ம ஆபீஸ்ல எல்லாமே நிதானமா நடக்குது. அந்த நிதானத்த மிச்சம் புடிச்சித்தான் உங்களுக்கு வேகமா குடுக்கறோம்."

கைதட்டினார்கள். பேச்சு பதினொன்றே காலுக்கு முடிந்தது. செந்தாமரை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

முதல் டோக்கனைக் கூப்பிட்டார்கள். சான்றை நிறுவனத்தின் இணையதளத்தில்தான் உருவாக்க வேண்டும். ஆனந்தராஜ் கணினியில் பெயரைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. தலைமையகத்தில் இணையம் இல்லை. கம்பியைக் கழற்றி மாட்டினார்கள். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஆனந்தராஜ் தங்கள் நிறுவனத்தின் சேவை எண்ணுக்கே போன் போட்டார். விழுப்புரத்திலிருந்து பாஞ்சாலி எடுத்து, படிவம் ஏழில் மனு கொடுக்கும்படியும், நாற்காலியின் போட்டோ இரண்டு இணைக்கும்படியும் சொன்னாள். ஆனந்தராஜ் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

பன்னிரண்டரை மணி வரை ஒரு சான்றும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இதே டோக்கனோடு வரலாம் என்று அறிவிக்கத் தொடங்கினார்கள். அந்தோணிசாமி எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். அவருக்குப் பழகிவிட்டது. செந்தாமரைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஒன்று இல்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், எங்க வூட்ல தொண்ணூத்தி ரெண்டு வருது. அங்க வந்து போடுங்க."

அரங்கநாதன் கோப்பை வாங்கிப் பார்த்தார். ஒன்பது என்று எழுதியிருக்கிறதே என்றார். ஆனந்தராஜ் எழுந்து, கோப்பில் ஒன்பதுதான், ஆனால் கண்ணால் பார்த்தது தொண்ணூற்றிரண்டு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அரங்கநாதன் கண்ணை மூடி யோசித்தார். கோப்பும் தப்பில்லை, கண்ணும் தப்பில்லை, நடுவில் நிவர்த்தி நடந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். அன்னிய ஒயர் என்பதை அடித்துவிட்டு வாடிக்கையாளர் பங்களிப்பு என்று எழுதச் சொன்னார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மக்களைத் தேடி வேகச் சான்று முகாம். பெரிய பெரிய ஆபீஸ்கள் எல்லாம் கிராமத்துக்குப் போய் முகாம் போடுகின்றன. சிட்டாய் இதுவரை போட்டதில்லை.

உடனே புறப்படலாம் என்று செந்தாமரை சொன்னாள். பேனர் இல்லாமல் முகாம் எப்படி என்று அரங்கநாதன் கேட்டார். பேனர் அடிக்க ஆள் போயிற்று. அவருடைய படம் தெளிவாக விழவில்லை என்று ஒரு முறை திருப்பி அடித்தார்கள். இரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. டோக்கன் வைத்திருந்தவர்களையும் இன்னொரு வேனில் ஏற்றிக்கொண்டார்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் அரை மைலுக்கு நின்றன. சுருட்டிய பேனரின் முனை செந்தாமரையின் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. மணி இரண்டு ஐம்பது. மூன்று பத்து. பக்கத்தில் ஆனந்தராஜ், நிறுவனத்தின் ஆறு வருஷச் சாதனைகளை அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வளவனூரில் இறங்கியபோது மூன்று ஐம்பது. இறங்கியதும் பேனர் கட்ட ஆரம்பித்தார்கள். கயிறு எட்டவில்லை. உதவியாளர் ஏணி வைத்து ஏறி, சுவரில் ஓடிய வெள்ளைக் குழாயில் முடிச்சுப் போட்டு இழுத்தார். குழாய் வளைந்தது.

"அதுல கட்டாதீங்க" என்று செந்தாமரை ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள். அவள் குரலைக் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்த்தது. பேனரைச் சின்னபொண்ணு வீட்டு கேட்டில் கட்டினார்கள்.

பின் அறைக்குப் போக நடு அறையைத் தாண்ட வேண்டும். அதிகாரிகளும் இருபத்திரண்டு மனுதாரர்களும் மணிமாறனின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். பாதிப்பேர் நின்று கால் எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். எல்லோரும் வைஃபை கடவுச்சொல்லையும் கேட்டார்கள். உதவியாளர் அதைச் செந்தாமரையிடம் வாங்கி, ஒரு அட்டையில் எழுதி, முன் அறையில் தொங்கவிட்டார்.

நாலு இருபதுக்கு ஆனந்தராஜ் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய மடிக்கணினியில் அளந்தார். ஆறு காட்டியது.

செந்தாமரை ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மறுபடி அளக்கச் சொன்னாள். ஐந்து. முன் அறையை எட்டிப் பார்த்தாள். இருபத்தோரு பேர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணிசாமி துபாய்க்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் அரங்கநாதன் நின்று, உதவியாளர் பிடித்த போனைப் பார்த்து, முகாமை முகநூலில் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலேயே முதல்முறையாக என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேரலையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவள் ஆனந்தராஜிடம் கேட்டாள். தலைவர் பேசும்போது குறுக்கிட நிறுவனத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார். வேண்டுமானால் ஆறு என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

நாலு முப்பத்தி ஒன்று. செந்தாமரை போனை எடுத்தாள். குமரேசன் சொல்லிக் கொடுத்தபடி கடவுச்சொல்லை மாற்றினாள். விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் பட்டது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. முன் அறையிலிருந்து ஒரே சமயத்தில் எல்லோரும் "நெட்டு போச்சு" என்று சொல்வது கேட்டது. மேசை மேலிருந்த மடிக்கணினி மட்டும் ஒயரில் இருந்தது.

"இப்ப அளங்க சார்."

தொண்ணூற்று மூன்று. ஆனந்தராஜ் எழுதினார். இணையதளம் கண் இமைப்பதற்குள் திறந்ததைப் பார்த்து, இது எங்கள் தளம்தானா என்று ஒருமுறை சந்தேகப்பட்டார். சான்று தயாராயிற்று. கடைசியில் தலைவரின் ஒப்புதலுக்காக அவர் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போனது.

செந்தாமரை முன் அறைக்கு ஓடினாள். அரங்கநாதன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தமாக நின்றிருந்தார். எழுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"சார், ஒரு நம்பர் வந்திருக்கும். அத சொல்லுங்க."

"மொதல்ல லைன குடும்மா. பாதி வாக்கியத்துல நிக்கிறேன்."

"நம்பர சொல்லுங்க, லைன் வரும்."

"நான் யாருன்னு தெரிஞ்சித்தான் பேசறியா?"

"எனக்கு நெட்டு குடுத்தவருன்னு தெரியும் சார்" என்றாள் செந்தாமரை. "இப்ப மணி நாலு நாப்பத்தி ஏழு. அஞ்சு மணிக்கு மேல எனக்கு வேல இல்ல. உள்ள படுத்துக்கினு இருக்கறாரே, அவுர எழுப்பி நிக்க வைக்கவும் ஆள் இல்ல."

அரங்கநாதன் நடு அறைப் பக்கம் பார்த்தார். மணிமாறன் கட்டிலில் முழங்கையை ஊன்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் இருந்த மற்றவர்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டினார். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகப் படித்தார். நாலாவது எண்ணில் நிறுத்தி, இது ஏழா ஒன்றா என்று உதவியாளரிடம் கேட்டார்.

சான்று வந்தது. நாலு ஐம்பத்தி ஐந்துக்குச் செந்தாமரை அதை ஏற்றினாள். ஐம்பத்தி ஆறுக்கு அவளுடைய நிறுவனத்திலிருந்து தானியங்கிப் பதில் வந்தது. தங்கள் சான்று கிடைக்கப் பெற்றது. உண்மைத்தன்மை நாற்பத்தைந்து வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும். அதுவரை தாங்கள் வழக்கம்போல வீட்டிலிருந்தே பணியாற்றலாம்.

அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கடவுச்சொல்லைப் பழையபடி மாற்றினாள். நடு அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மணிமாறனுக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரியைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியாமல், பக்கத்துத் தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செந்தாமரைக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

முன் அறையில் அரங்கநாதன், பத்தாம் டோக்கன் வரை இன்றே முடித்துவிடலாம், மற்றவர்களுக்குத் தொடர் முகாம் என்று பேசிக்கொண்டிருந்தார். மனுதாரர்களின் வரிசை கொஞ்சம் கலைந்திருந்தது. அந்தோணிசாமி வாசலில் இறங்கி, அண்ணாந்து, வெள்ளைக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பேரன் முகம் இன்று முழுசாகத் தெரிந்ததாகவும், மூக்கு செத்துப்போன தன் மனைவி மூக்கு மாதிரியே இருப்பதாகவும் செந்தாமரையிடம் சொன்னார்.

"இந்த ஒயரு எங்கம்மா வாங்கன?"

குமரேசன் கடைக்கு அவள் வழி சொன்னாள். அவர் கும்பிட்டுவிட்டு நடந்தார். பின்னால் ஒருவர் போனார். இன்னும் இருவர், டோக்கனை மேசையில் வைத்துவிட்டு, கடை எத்தனை மணி வரை இருக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அரங்கநாதன் தொடர் முகாமின் பயன்களை விளக்கி முடித்தபோது அவர் முன்னால் இரண்டு உதவியாளர்களும் சின்னபொண்ணும் மட்டும் இருந்தார்கள். அவர் கூட்டம் திருப்தியாக இருந்தது என்று சொல்லிவிட்டு வேனில் போய் ஏறிக்கொண்டார். உதவியாளர்கள் பேனரை அவிழ்த்துச் சுருட்டினார்கள்.

ஆனந்தராஜ் கடைசியாக இறங்கினார். படியில் நின்று, வேன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். உள்ளங்கையை விரித்துக்கொண்டார்.

"எத்தன மீட்டர் மேடம் வாங்கனீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "எங்க வூட்லயும் பின் ரூம்ல எட்டுதான் வருது."

"முப்பது" என்றாள் செந்தாமரை.

அவர் கையில் எழுதிக்கொண்டார். எண்ணாலும் எழுத்தாலும்.